பறவை தானா எழும்பணும்

அந்த வளையத்தை மெதுவாத் திருப்புங்க தம்பி. இறுக்கமாத்தான் இருக்கும், உப்புத்தண்ணி ஏறின பைனாகுலர் அது. வலது பக்கம் ஒரு மூலையில மங்கலாத் தெரியும், அதைக் கண்டுக்காதீங்க. நடுவுல பாருங்க. அந்த உப்பளத்துக் கரையில வரிசையா நிக்குதே, தெரியுதா? பவளக்கால் உள்ளான். காலு மட்டும் குச்சி குச்சியா, சிவப்பா. தெரிஞ்சிருச்சா? பஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே புடிச்சிட்டீங்களே. நல்ல கண்ணு உங்களுக்கு. நான் சும்மா யாரையும் புகழமாட்டேன். எங்க சங்கத்துல வருஷக்கணக்கா சுத்தினவனுக்கே ஓடுற வண்டியில பறவை சிக்காது.

ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்தீங்க, காதுல விழுந்துச்சு. தை அமாவாசைக்கா? அப்பாவுக்கா. சரி சரி. கூட யாரும் வரலையா? அண்ணன் தம்பி கிடையாதா. வீட்டுல? பிள்ளைக்குப் பரீட்சையா, அப்ப அவங்க வர முடியாதுதான். நல்லது, இந்தக் கூட்டத்துல அவங்களையும் இழுத்துக்கிட்டு அலைய முடியாது. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நீச்சல் தெரியுமா? தெரியாதா. பரவாயில்ல. எங்க வேலையில அது தேவைப்படாது.

என் பேரு கோமதிநாயகம். எடை அளவு ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். கடை கடையாப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிச்சு முத்திரை குத்துவோமே, அந்த வேலை. அதுல எனக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு. விதின்னா விதி. நூல் அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எங்க ஊர்ல பறவை பாக்கிற சங்கம் ஆரம்பிச்சப்போ விதியெல்லாம் நான்தான் எழுதினேன். ஆரம்பிச்சதே நானும் பால்வண்ணமும்தான். இன்னைக்கு அந்த விதியை வச்சே என்னை வெளிய தள்ளிட்டாங்க. அது கிடக்கட்டும். இல்ல, கிடக்கட்டும்னு விடக்கூடாது. அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வர்றேன்.

பால்வண்ணம் காதிக்கடையில மேனேஜரா இருந்தவர். தங்கமான மனுஷன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஓட்டல்ல சீனி போடாத டீயைக் கொண்டாந்து வச்சாக்கூட அப்படியே குடிச்சிட்டு வந்திருவார். ஞாயித்துக்கிழமை விடிஞ்சா என் வீட்டு வாசல்ல அவர் சைக்கிள் மணி ஒரு தடவை அடிக்கும். ரெண்டாவது தடவை அடிக்கமாட்டார், நான் வர்ற வரைக்கும் சும்மா நிப்பார். இப்ப ஞாயித்துக்கிழமை வந்தா அந்த மணிச்சத்தம் இல்லாம எனக்கு வீட்டுக்குள்ள இருப்புக் கொள்ளல தம்பி. ரொம்பத் தேடுது. ஆனா அவர்கிட்ட ஒரு குறை உண்டு. தான் பாக்காததைப் பாத்தேன்னு சொல்லமாட்டார். நல்ல குணம்தான், நான் இல்லைங்கல. ஆனா அன்னைக்கு வந்த வினை எல்லாம் அந்தக் குணத்தாலதான்.

இந்த ரோட்டுல இன்னும் கொஞ்ச தூரம் போனா நொச்சிக்குடா விலக்கு வரும். அங்க கடல் உள்ள வளைஞ்சு குடாவாக் கிடக்கும். நடுவுல ஒரு தீவு. ஒரே ஒரு பனைமரம் நிக்கிறதால ஒத்தப்பனைத் தீவு. விஷயம் தீவுல இல்ல. தீவுல முள்ளுதான் கிடக்கு. தீவைச் சுத்திக்கிட்டுத் தெக்க போனா ஒரு மணல்திட்டு. தீடைன்னு சொல்வாங்க அங்க. தண்ணி வத்தினா வெளிய வரும், ஏறினா முழுகிரும். வத்திக் கிடக்கிறப்போ பறவைங்க குடா பூராவும் சிதறி சேத்துல மேயும். ஒண்ணையும் கிட்டப் போய்ப் பாக்க முடியாது. தண்ணி ஏற ஏற மேயற சேறு முழுகும். எல்லாம் அந்தத் தீடைக்கு வந்து கூடும். தீடை சுருங்கச் சுருங்கக் கூட்டம் நெருக்கியடிக்கும். கடைசியில ஒரு கல்யாணப் பந்தல் அளவு மணல்ல ஆயிரக்கணக்குல நிக்கும். அதனால விவரம் தெரியாதவன்தான் வத்தத்துல போவான். நாங்க தண்ணி ஏறறப்போதான் போவோம். அமாவாசையை ஒட்டிப் போனா இன்னும் விசேஷம். மத்த நாளைவிடத் தண்ணி மேல ஏறும், திட்டு இன்னும் சின்னதாகும்.

போன தை அமாவாசைக்கு மறுநாள் போனோம். நான், பால்வண்ணம், வள்ளம் ஓட்டற சந்தியாகு. அவ்வளவுதான். கூட்டம் சேத்தா பேச்சு வரும், பேச்சு வந்தா பறவை போயிரும். வள்ளத்துல ஏறினதும் விதிப்படி எல்லாத்தையும் சரி பாத்தேன். மண் கலர் சட்டை. செல்லை அணைச்சுப் பையில போட்டாச்சு. கடல்ல விழுந்தா மிதக்கிறதுக்கு ஒரு சட்டை குடுப்பாங்களே ஆரஞ்சுக் கலர்ல, அதைக் கழட்டிப் பலகைக்கு அடியில வைக்கச் சொல்லிட்டேன். அந்தக் கலர் அரை மைலுக்குப் பளிச்சுன்னு தெரியும் தம்பி. பறவைக்குத் தெரியுமில்ல.

இன்னொரு விதி, இது இந்தியாவுலேயே எங்க சங்கத்துல மட்டும்தான் இருக்கும்னு நினைக்கிறேன். பறவை தானா எழும்பணும். நாம எழுப்பக்கூடாது. கூட்டம் உக்காந்திருக்கிற வரைக்கும் கையை ஆட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, இன்ஜின் போடக்கூடாது. எவ்வளவோ தூரத்துல இருந்து பறந்து வந்து அக்கடான்னு நிக்குதுங்க. அதுங்களைப் போய்க் கலைக்கிறது பாவம். ஆனா வள்ளக்காரங்க பொறுமை உங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் போனா ‘வீட்டுக்குப் போகணும் சார்’னு இன்ஜினை முடுக்கிருவாங்க. அதுக்குத்தான் நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன். அந்த இன்ஜினை ஒரு கயித்தைச் சுத்தி இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணணும். தீடைக்கிட்டப் போய் அணைச்சதும் அந்தக் கயித்தை நான் வாங்கி என் பையில வச்சிருவேன். பறவை எழும்பினப்புறம்தான் திருப்பிக் குடுப்பேன். சந்தியாகுக்கு அது பிடிக்காது. ஆனா என் முகத்துக்காகக் குடுத்திருவார்.

காலையில தீவைச் சுத்தி வந்தோம். கடல் நாரை நின்னுச்சு, பருந்து ஒண்ணு பனையில உக்காந்து மீன் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அதெல்லாம் நமக்குப் பழசு. தீடைக்கு எதுத்தாப்புல வள்ளம் தரை தட்டி நின்னுச்சு. எங்களுக்கும் தீடைக்கும் நடுவுல ஒரு ஓடை மாதிரி, நல்ல அகலம், முழங்கால் தண்ணி. வாடைக்காத்து எங்க முதுகுல அடிச்சு அந்தப் பக்கம் போய்க்கிட்டு இருந்துச்சு. எதுத்தாப்புல ஆயிரம் பறவை வாயைத் திறந்து கத்துது, எங்களுக்கு ஒரு சத்தம் கேக்கல பாத்துக்குங்க. ஊமைப்படம் பாக்கிற மாதிரி இருந்துச்சு.

அப்பதான் நான் டெலஸ்கோப்புல அதைப் பாத்தேன். கரண்டிமூக்கு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். அலகு நுனி மட்டும் தட்டையா, சின்னக் கரண்டி மாதிரி. உலகத்துலேயே சொற்பமாத்தான் மிச்சம் இருக்கு. ஒருத்தன் ஆயுசு பூராவும் அலைஞ்சாலும் கண்ணுல படாது. பால்வண்ணத்தைக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் நிமிர்ந்து, “எனக்குச் சாதா உள்ளான் மாதிரிதான் தெரியுது சார். அலகுல சேறு ஒட்டியிருக்குமோ?” ன்னார்.

சேறு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நான் காட்டிக்கல. எங்க சங்கத்துல அபூர்வமான பறவைன்னா ரெண்டு பேர் பாத்திருக்கணும், அப்பதான் பதிவு செல்லும். அதுவும் நான் எழுதின விதிதான். அவர் ‘ஆமா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும், அவர் இறங்கவே வேண்டியதில்ல. சொல்லல. சரி, கிட்டப் போய்ப் பாத்துட்டு வாங்கன்னேன். எனக்கு மூட்டு வலி, தண்ணியில இறங்க முடியாது. அவர் சந்தியாகு முகத்தைப் பாத்தார், தண்ணியைப் பாத்தார், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கிட்டார். என் பேச்சைத் தட்டினதே கிடையாது அவர்.

அழகாப் போனார் தம்பி. குனிஞ்சு, ஒரு அடி வச்சு நின்னு, இன்னொரு அடி வச்சு நின்னு. ஓடையைத் தாண்டி தீடையோட தாழ்வான ஓரத்துல போய் நின்னுக்கிட்டார். அவருக்கு முன்னால மணல் மேடா எழும்பியிருக்கும், பறவை எல்லாம் அந்த மேட்டுலதான். பின்னால ஓடை. பைனாகுலரைக் கண்ணுல வச்சார், அப்படியே சிலையாயிட்டார். அந்த இடத்துல வேற எவனா இருந்தாலும் சொறிவான், இருமுவான்.

தண்ணி ஏற ஆரம்பிச்சுது. அதுக்குத்தானே வந்திருக்கோம். கூட்டம் நெருக்க நெருக்கக் கரண்டிமூக்கு மறையுது, தெரியுது, மறையுது. எனக்கு வேற ஒண்ணும் நினைப்பு இல்ல. தரை தட்டி நின்ன வள்ளம் லேசா ஆட ஆரம்பிச்சிருச்சு, டெலஸ்கோப்பைப் பிடிக்கிறதே பாடு. சந்தியாகு எழுந்திரிச்சு நின்னு, “சார், ஓடை நிறைஞ்சுபோச்சு. இழுப்பு ஜாஸ்தியா இருக்கு. அவரைக் கூப்பிடுங்க” ன்னார்.

நான் விதியைச் சொன்னேன். பறவை தானா எழும்பணும்னேன். அவர் ஊனுகம்பைக் கையில எடுத்துட்டார், வள்ளத்தைத் தள்ளிக்கிட்டுப் போறேங்கிறார். நிழல் அசைஞ்சாலே எல்லாம் போயிரும், உக்காருங்கன்னு கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். சந்தியாகு கண்ணுக்குப் பால்வண்ணம் தூரத்துல நட்ட குச்சி மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். என்கிட்டதானே டெலஸ்கோப் இருக்கு. “அவர் எப்படி நிக்கிறார்னாவது பாத்துச் சொல்லுங்க சார்” ன்னு கெஞ்சறார். திருப்பிப் பாத்தேன்.

பால்வண்ணம் எங்க பக்கம் திரும்பியிருந்தார். இடுப்புக்கு மேல தண்ணி. முகம் பூராவும் தெளிவாத் தெரிஞ்சுது. வாய் திறந்திருந்துச்சு. கண்ணுல இருந்து தாரை தாரையாக் கொட்டுது தம்பி. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. அந்தப் பறவையைக் கிட்டப் பாத்தவனுக்கு அப்படித்தான் ஆகும். எத்தனை வருஷம் காத்திருந்த மனுஷன். பாத்துட்டார்னு எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சிருச்சு. “சந்தோஷமா இருக்கார்” னு சந்தியாகுகிட்ட சொன்னேன்.

இதைக் கவனிங்க. அவருக்கு அந்தப் பக்கம் மேடு. ரெண்டு எட்டு வச்சா முழங்கால் தண்ணிதான். ஆனா மேட்டுல பறவை நிக்குதே. கால் வச்சா மொத்தமும் எழும்பிருமே. வைக்கல தம்பி, ஒரு எட்டு மேட்டுப் பக்கம் வைக்கல. அந்த நிலைமையிலயும் விதியை மீறல. இப்படி ஒரு ஆளை இனிமே எந்தச் சங்கத்துல தேடறது?

நான் திரும்பக் கரண்டிமூக்கைப் பாத்தேன். ஒரு நிமிஷம்தான். அது தலையைத் தூக்கி அலகைப் பக்கவாட்டுல காட்டுச்சு. அப்புறம் அந்தக் கூட்டம் மொத்தமா எழும்புச்சு. யாரும் எழுப்பல, தானா எழும்புச்சு. வானம் ஒரு பக்கமா வெள்ளையாச்சு, திரும்பினதும் கருப்பாச்சு. விதி முடிஞ்சுது. உடனே பையில இருந்து கயித்தை எடுத்துச் சந்தியாகு கையில குடுத்தேன். ஒரு நொடி தாமதிக்கல. அவர் அதை வாங்கவே இல்ல. கயிறு வள்ளத்துல விழுந்துச்சு, அவர் கடல்ல குதிச்சுட்டார். நான் தீடைப் பக்கம் டெலஸ்கோப்பைத் திருப்பினேன். வெறும் தண்ணி. பால்வண்ணம் நின்ன இடம் எதுன்னுகூடச் சொல்ல முடியல.

மண் கலர் சட்டையாச்சே. வள்ளத்துல போய்த் தேடினவங்க கண்ணுக்குச் சிக்கல. மறுநாள் ஒத்தப்பனைத் தீவோட அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தார். ஓடைக்குள்ள கால் வச்சிருப்பார்னு பேசிக்கிட்டாங்க. பைனாகுலர் கழுத்துலயே இருந்துச்சு. சங்கத்துச் சொத்து, அதனால நான் கேட்டு வாங்கிட்டேன். இப்ப உங்க கையில இருக்கே, அதுதான். பயப்படாதீங்க, நல்லாத் துடைச்சு எண்ணெய் போட்டிருக்கேன். அந்த வளையம்தான் கொஞ்சம் இறுக்கம். வையுங்க, மடியில வைக்காதீங்க, கழுத்துல மாட்டிக்குங்க. பஸ் குலுங்குது.

போலீஸ்ல விசாரிச்சாங்க. பொழுதுபோக்குக்குப் போன இடத்துல விபத்துன்னு முடிச்சாங்க. பொழுதுபோக்கு. சந்தியாகு என்னென்னமோ சொல்லியிருக்கார், படிக்காதவர், பதட்டத்துல பேசறார்னு விட்டுட்டேன்.

பால்வண்ணத்தோட சம்சாரம் செண்பகவல்லி. பதினாறாம் நாள் கழிஞ்சு பாக்கப் போனேன். அந்தம்மா அழல. என்னை உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்துச்சு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

“அவுக உங்களைக் கூப்பிடலையா அண்ணாச்சி?”

இல்லம்மான்னேன். ஒரு சத்தம் என் காதுல விழல. கூப்பிடற ஆளா அவர், கடைசி வரைக்கும் ஒழுங்கா இருந்தார், நீங்க பெருமைப்படணும்னு சொன்னேன். ஆறுதலா இருக்கட்டும்னுதான். அந்தம்மா என் கையில இருந்த டம்ளரை வாங்கிக்கிட்டு உள்ள போச்சு. திரும்பி வரல. நானா எழுந்திரிச்சு வந்தேன். அப்புறம் ரெண்டு தடவை போய்ப் பாத்தேன், உள்ள ஆள் இருக்கு, கதவு திறக்கல. துக்கத்துல இருக்கறவங்களை நாம ஒண்ணும் சொல்லக்கூடாது.

என் மனசு உடைஞ்சது சங்கத்துலதான். கரண்டிமூக்கைப் பதிவு பண்ணச் சொல்லிக் கேட்டேன். இப்ப இதைப் பேசணுமான்னு ஒருத்தன் கேக்கறான். வேற எப்பப் பேசறது? ஒரு மனுஷன் அதுக்காக உயிரையே குடுத்திருக்கார், அதை எழுதி வைக்க வேண்டாமா? ரெண்டாவது சாட்சி இல்ல, செல்லாதுன்னுட்டாங்க. நான் எழுதின விதியை எனக்கே படிச்சுக் காட்டறாங்க. அவர் திரும்பிப் பாத்தாரே, கண்ணுல தண்ணி வந்துச்சே, அது சாட்சி இல்லையான்னு கேட்டேன். எல்லாரும் என்னையே ஒரு மாதிரியாப் பாத்தாங்க. ‘இனிமே நீங்க வரவேண்டாம் சார்’னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. பொறாமை, வேறென்ன.

நான் விடப்போறதில்ல தம்பி. அந்தப் பறவைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வருஷம் வந்த இடத்துக்கு மறுவருஷமும் அதே நாளை ஒட்டி வரும். நாளைக்கு அமாவாசை. நாளன்னைக்கு தண்ணி நல்லா ஏறும். எனக்குத் தேவை கண்ணு நல்லா இருக்கிற, சொன்னா கேக்கிற ஒருத்தர். சங்கத்துல எவனும் வரமாட்டேங்கறான், என் செல் நம்பரைப் பாத்தாலே எடுக்கிறதில்ல. உங்களைப் பாத்ததும் எனக்குத் தோணிருச்சு. கண்டக்டர் மீதிச் சில்லறையை மறந்துட்டுப் போனார், நீங்க ஒண்ணும் கேக்கல பாருங்க. அந்தக் குணம் எனக்குப் பழக்கமான குணம்.

தர்ப்பணமா? நொச்சிக்குடாவுலேயே குடுத்துரலாம். அய்யர் ஒருத்தர் வருவார், நான் சொல்லி வச்சிருக்கேன். கடல் எல்லாம் ஒரே கடல்தானே. ராமேஸ்வரத்துக் கூட்டத்துல மிதிபட்டுச் சாகறதுக்கு இது தேவலை. மறுநாள் அரை நாள் வேலை. சாயங்காலம் நானே பஸ் ஏத்தி விடறேன். இந்தாங்க, இந்தச் சட்டையைப் பிடிங்க. மண் கலர். நீங்க போட்டிருக்கிற மஞ்சள் ஆகாது. பால்வண்ணமும் உங்க உடம்புவாகுதான், உங்களுக்குச் சரியா இருக்கும்.

வீட்டுக்குப் போன் பண்ணணுமா? இங்க டவர் கிடைக்காது. அப்புறம் பாத்துக்கலாம்.

விசில் அடிச்சுட்டான். விலக்கு வந்துருச்சு. எழுந்திரிங்க, உங்க பையை நான் எடுத்துக்கறேன். பாத்து இறங்குங்க. சந்தியாகு இப்ப வர்றதில்ல, வேற ஒருத்தரைப் பேசி வச்சிருக்கேன். புது ஆளு, ஒண்ணும் கேக்கமாட்டார். வள்ளத்துல நமக்கு ஒரு தொல்லையும் வராது, நீங்க நிம்மதியா வாங்க. இன்ஜின் கயிறு இந்தத் தடவையும் என் பையிலதான் இருக்கும்.